ரசம் சிந்தாத வண்டி

பண்டமாரான், கிள்ளான்.
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

மரியாதைக்குரிய மச்சான் கமலநாதன் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் பக்கிரிசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தங்கள் அக்கா தங்கமணியும், என் வலது காலும் சுகம். இடது காலின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். செராஸில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, ஒரு போனைப் போடாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். போன வாரம் தங்களுக்கு நன்றி சொல்லி வாட்ஸ்அப்பில் பதினொரு நிமிஷம் பேசி அனுப்பினேன். நாலாவது வினாடியில் தங்களிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. பதினொரு நிமிஷப் பேச்சை நாலு வினாடியில் யாரும் கேட்க முடியாது என்பது லோரி ஓட்டினவனுக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அக்கா இதைப் படம் பிடித்துத் தங்களுக்கு அனுப்புவாள். முழுசாகப் படித்துவிட்டுக் கட்டைவிரலைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் நன்றி முழுசாக வந்து சேரும். போர்ட் கிள்ளானில் முப்பத்துநாலு வருஷம் கண்டெய்னர் லோரி ஓட்டினவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. கியர் என்றால் கையால் போடுவது, கிளட்ச் என்றால் காலால் மிதிப்பது, இரண்டும் இல்லாத வண்டி தள்ளுவண்டி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இருபது வருஷத்துக்கு முன்னால் தாங்கள் கியர் மாற்ற வேண்டாத ஆட்டோ கார் ஒன்றை வாங்கி எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே தங்களுக்கு 'ஒத்தக்கால் டிரைவர்' என்று பேர் வைத்தேன். அதோடு விட்டேனா, என் மகள் விஷ்ணுப்ரியா கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னேன். மண்டபமே சிரிச்சது. நீங்களும் சேர்ந்துதான் சிரிச்சீங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் உங்க அக்கா மூணு நாள் என்கூடப் பேசல, அது உங்களுக்குத் தெரியாது.

அதுக்கெல்லாம் சேர்த்து எனக்குப் போன வருஷக் கடைசியில ஃபெடரல் ஹைவேயில கிடைச்சது. பங்சார்ல ஒரு கல்யாண விருந்து முடிஞ்சு பழைய காரில வீட்டுக்கு வர்றோம். சாயங்காலம் அஞ்சரை, மழை வேற. பத்து தீகாவில முன்னே டோல் இருந்துச்சே, அந்த இடத்துல ஜேம். மிதி, விடு, அரை அடி நகரு, மறுபடி மிதி. அரை மணி நேரம் இதே பொழைப்பு. திடீர்னு இடது முழங்கால் பூட்டிக்கிச்சு. கிளட்சை மிதிச்ச கால் மேல வரமாட்டேங்குது. முன்னால இருந்த வண்டியெல்லாம் போயாச்சு, எனக்கு முன்னாடி ரோடு காலியா கிடக்குது, பின்னால அத்தனை பேரும் ஹார்ன் அடிக்கிறான். நான் என்ன பண்ணினேன், ரெண்டு கையாலயும் என் காலையே பிடிச்சுத் தூக்கினேன். கால் வந்துச்சு, ஆனா வண்டி ஒரு குதி குதிச்சு அணைஞ்சு போச்சு. உங்க அக்கா பட்டுப் புடவையோட மழையில இறங்கி, வெத்திலை பாக்குப் பையை ஒரு கையில தூக்கிப் பிடிச்சு, மறு கையால ஃபெடரல் ஹைவேயையே நிறுத்தினா. மோட்டார் சைக்கிள்ல வந்த மூணு பசங்கதான் வண்டியை ஓரத்துக்குத் தள்ளினாங்க. அதுல ஒருத்தன் போகும்போது சொன்னான், "அங்கிள், ஒரு ஆட்டோ வாங்குங்க லா."

மறுநாள் பார்த்த டாக்டர் பொண்ணு எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டி, "இந்தக் காலுக்கு இனிமே கிளட்ச் கிடையாது அங்கிள், அது பென்ஷன் கேட்குது"னு சொல்லிடுச்சு. எனக்கு அது பெரிசில்ல. பெரிசு எதுன்னா, ஈப்போவில விஷ்ணுப்ரியாவுக்குப் பிள்ளை பிறந்து அப்பவே ரெண்டு மாசம். தங்கமணி பேரனை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தா. அதுக்கப்புறம் என் காலால ரெண்டு பேரும் வீட்டோட. பஸ்ஸுல போலாம், ரயில்ல போலாம்னு மக சொன்னா. காலை நீட்டி உட்கார இடமில்லைனு நான் சொன்னேன். நிஜம் அதில்ல. முப்பத்துநாலு வருஷம் வண்டி ஓட்டினவன், மருமகன் வீட்டு வாசல்ல வாடகைக் கார்ல போய் இறங்குறதா? நான் போகல. என்னை விட்டுட்டுப் போக மனசில்லாம அவளும் போகல. பேரன் குப்புற விழுந்ததைக்கூட அவ போன்லதான் பார்த்தா. பார்த்துட்டு போனை மடியில வச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தா. என்னை ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்குத்தான் நான் உங்களைக் கூப்பிட்டேன்.

மச்சான், அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருக்கலாம். "என்ன மாமா, ஒத்தக்கால் டிரைவர் ஆகப் போறீங்களா"னு கேட்டிருந்தா, நானே சிரிச்சுட்டு வாங்கிக்கிட்டிருப்பேன். கேட்கல. மறுநாள் காலையில ஏழு மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோட வாசல்ல நின்னீங்க. அதுல இருபத்தோரு கேள்வி. சிட்டிக்குள்ள எத்தனை நாள், ஹைவேயில எத்தனை நாள், மூட்டை முடிச்சு எவ்வளவு, மழைத் தண்ணி ஏறுற ரோடா, இப்படியே. அரசாங்க ஸ்டோர்ல கிளார்க்கா இருந்த ஆளு கார் வாங்கினா இப்படித்தான் வாங்குவாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நான் இது வரைக்கும் வாங்கின மூணு காரையும் கலர் பார்த்துத்தான் வாங்கினேன்.

முதல்ல பார்த்தோமே, ஐரோப்பாக்காரன் வண்டி, கறுப்பு, தோல் சீட்டு. நான் உட்கார்ந்ததும் இதுதான்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க பேசாம பின் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தீங்க. உள்ளே ஒளிஞ்சிருந்த பாகத்துல காஞ்ச சேறு. வெள்ளத்துல மூழ்கி எழுந்த வண்டி. கடைக்காரன் அது காபி கறைன்னான். பின் சீட்டு பெல்ட்டுக்குள்ள போய் எவன்யா காபி குடிப்பான்? ரெண்டாவது வண்டி பார்க்கப் போறப்போ, நீங்க அக்காவை வீட்டுலேருந்து தூக்குச்சட்டியில ரசம் கொண்டுவரச் சொன்னீங்க. எனக்கு உங்க மேலயே சந்தேகம் வந்துடுச்சு. அவளைப் பக்கத்து சீட்டுல உட்கார வச்சு, மூடியில்லாத சட்டியை மடியில குடுத்து, "கியர் பொட்டி கெட்டுப்போயிருந்தா காதுக்குக் கேட்காது மாமா, ரசத்துக்குத் தெரிஞ்சுடும்"னு சொல்லி வண்டியை எடுத்தீங்க. முதல் சந்து திரும்புறதுக்குள்ள கியர் ஒரு உதறு உதறி மாறுச்சு, பாதி ரசம் புடவையில. வண்டி பளபளன்னு இருந்து என்ன, பொட்டி செத்துக்கிட்டிருந்திருக்கு. புடவையில ஏறின மஞ்சள் இன்னும் போகல, அவ அதைப் பத்தி இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கா.

இப்படி எட்டு வண்டி. சனிக்கிழமையானா ரசம், ஞாயித்துக்கிழமையானா ரசம். ஒன்பதாவதுதான் முத்து முகம்மது பாயோட கடையில நின்ன இந்தச் சின்ன வண்டி. என்ன கம்பெனின்னு எழுதமாட்டேன், கண்ணு பட்டுடும். ஒரு டீச்சரம்மா வச்சிருந்த வண்டி, சர்வீஸ் புத்தகத்துல ஒரு கட்டம்கூட விட்டுப் போகல, கியர் எண்ணெயைக் குச்சியில தொட்டுப் பார்த்தா சிவப்பா இருக்கு, தீஞ்ச வாடை இல்ல. ஆனாலும் நீ விடல. ராத்திரி ஓய்ஞ்ச எஞ்சின் காலையில எப்படி எழுந்திருக்குதுன்னு பார்க்கணும்னு, மறுநாள் கடை திறக்குறதுக்கு முன்னாடியே போய் நின்னு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பானட்டைத் தொட்டுப் பார்த்தே. பாய் சிரிச்சுட்டார். "அண்ணே, நான் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வச்சு ஏமாத்த மாட்டேன், ஆனா இப்படிப் பார்க்கிற ஆளுக்கு விக்கிறதுதான் எனக்கும் நிம்மதி"னார். மேடு ஏறினோம், ஹைவேயில போனோம், கிள்ளான் டவுன் ஜேம்ல நின்னோம். தூக்குச்சட்டியில ரசம் குளம் மாதிரி கிடந்துச்சு. மரியாதை கொஞ்சம் இறங்கி நீ, வா, போன்னு வந்துடுச்சு மச்சான், பிரியத்துல வர்றது, தப்பா எடுத்துக்காதே.

இன்னொண்ணும் எழுதணும். வாங்குறதுக்கு முன்னாடி என் முழங்காலுக்காக நீ பட்ட பாடு. ஒவ்வொரு வண்டியிலயும் அக்காவை டிரைவர் சீட்டுல உட்கார வச்சே. சீட்டை ஏத்தினே, இறக்கினே, கண்ணாடியைத் திருப்பினே, "பிரேக் எட்டுதா அக்கா"ன்னு கேட்டே. ஓட்டப் போறது நான், அவளை எதுக்கு உட்கார வைக்கிறேன்னு நான் கேட்டப்போ, "உங்க காலை எட்டு வண்டியில மடக்கி ஏத்த வேணாமே மாமா, உங்க உயரம்தானே அக்காவும்"னு சொன்னே. நான் அவளைவிட ஒரு தலை உயரம். இருந்தாலும் அந்த அக்கறை யாருக்கு வரும்? அதே மாதிரிதான், இந்த மூணு மாசமா செவ்வாயும் வியாழனும் பிரிக்பீல்ட்ஸ்ல தேவார வகுப்புக்குப் போறேன்னு அவ கோமுட்டர் ரயில் ஏறி வந்தப்பல்லாம், நீ ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போய், திரும்பக் கொண்டுவந்து விட்டே. வீட்டுல இன்னும் ஒரு பாட்டுகூட அவ பாடிக் காட்டல. பயிற்சி பத்தலைன்னு சொல்றா. பெரிய பாடம் போலிருக்கு.

வண்டி வாங்கியாச்சு, ஓட்டணுமில்ல. பண்டமாரான்ல அந்தக் காலி கார் பார்க்குல நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததை என் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன், உன் நெத்தியும் மறக்காது. இடது காலுக்கு அங்கே வேலையே இல்லைன்னு என் மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. வேகம் குறைஞ்சாப் போதும், அது பாட்டுக்குப் போய் கிளட்சுன்னு நினைச்சு பிரேக்கை முழுசா அமுக்குது. நீ மூணு தடவை முன்கண்ணாடி வரைக்கும் போயிட்டு வந்தே. மூணு தடவையும் "பரவாயில்ல மாமா"ன்னு சொன்னே. நானா இருந்தா இறங்கி நடந்திருப்பேன்.

பூசை அன்னைக்கு நீ வேலையா இருந்தே, அதனால நடந்தது உனக்கு முழுசாத் தெரியாது. கோயில் வாசல்ல வண்டிக்குச் சந்தனம் வச்சு, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால நாலு எலுமிச்சம்பழம் வச்சாச்சு. குருக்கள் தேங்காய் உடைச்சுட்டு, "மெதுவா ஏத்துங்கோ"ன்னு கையைக் காட்டினார். கியரை டி-யில போட்டேன். நான் எண்ணெய்ப் பெடலையே மிதிக்கல மச்சான், அது தானா நகருது. லோரி அப்படி நகர்ந்தா பள்ளத்துல போகுதுன்னு அர்த்தம். இடது கால் பாய்ஞ்சு அமுக்கிடுச்சு. டேஷ்போர்டுல இருந்த பிள்ளையார் தங்கமணி மடியில, விபூதித் தட்டு என் மூஞ்சியில. கண்ணைத் திறக்கிறதுக்குள்ள குருக்கள் பக்கத்துல வந்து குனிஞ்சு பார்த்துட்டு, "முன்னாடி ரெண்டு நசுங்கிடுத்து, பின்னாடி ரெண்டும் தள்ளி உருண்டு அப்படியே இருக்கு"ன்னார். மறுபடி நகர்த்தினேன், மறுபடி கால். பின்னால அடுத்த பூசைக்கு ரெண்டு வண்டி காத்துக்கிட்டிருக்கு, அந்த வீட்டாளுங்க வேற இறங்கி வந்து வேடிக்கை பார்க்குறாங்க. கடைசியில தங்கமணி என் தோள்ல கிடந்த துண்டை எடுத்து, குனிஞ்சு, என் இடது காலை சீட்டுக் கம்பியோட சேர்த்துக் கட்டினா. அவ்வளவுதான், பழம் ரெண்டும் வெண்ணெய் மாதிரி நசுங்குச்சு. அன்னையிலேருந்து வண்டி எடுக்கிறப்போ துண்டுதான் எனக்கு ரெண்டாவது சீட் பெல்ட்டு.

இனி சந்தோஷமான சங்கதி. போன சனிக்கிழமை ஈப்போ போயிட்டு வந்தோம். விடிஞ்சதும் கிளம்பி, சிட்டி ஜேம்ல ஒரு மணி நேரம், அப்புறம் வடக்கு ஹைவே. ரவாங், தஞ்சோங் மாலிம், தாப்பா, எல்லாம் பூப்போல. வண்டி ஒரு இடத்துல இழுக்கல, உதறல, சூடாகல. சிட்டியில ஊர்ந்துச்சு, ஹைவேயில ஓடிச்சு, ரெண்டுக்கும் ஒரே குணம். விஷ்ணுப்ரியாவுக்கு ரசம்னா உசிருன்னு தங்கமணி அதே தூக்குச்சட்டியில எடுத்து வந்திருந்தா. மருமகன் வீட்டு வாசல்ல மூடியைத் திறந்து பார்த்தா ஒரு சொட்டு சிந்தல. முப்பத்துநாலு வருஷ அனுபவம் சும்மாவா? உன் அக்கா வழியெல்லாம் நல்ல தூக்கம். நான் ஓட்டுறப்போ அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பேரன் அவ கழுத்துச் சங்கிலியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு விடவே இல்ல. அவ அழுதா, மக அழுதா, எனக்கு அந்த வண்டியில ஏசி தூசு கண்ணுல பட்டுடுச்சு.

மச்சான், நீ எனக்கு ஒரு கார் தேடிக் குடுத்தேன்னு ஊரு நினைக்கும். நீ எனக்கு என் வீட்டுக்காரியோட முகத்தைத் திரும்பக் கொண்டுவந்து குடுத்தே. அந்த நாள்லேருந்து அவ அடுப்படியில ஏதோ முணுமுணுத்துக்கிட்டே வேலை செய்யுறா. மண்டபத்துல நான் மைக்குல சொன்னதுக்கு இங்கே எழுத்துல மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஒத்தக்கால் டிரைவர் பட்டத்தை உன்கிட்டேருந்து வாபஸ் வாங்கி எனக்கே வச்சுக்கிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுதியாச் சொல்லிக்கிறேன். இந்த வண்டிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. எவன் கேட்டாலும் ஓட்டக் குடுக்கமாட்டேன். டேஷ்போர்டு பெட்டியைக்கூட யாரையும் திறக்க விடுறதில்ல, அதுல முக்கியமான சாமான் இருக்கு.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் பதினாறு வகைச் செல்வத்தோடும், அதற்குமேல் நல்ல முழங்கால்களோடும் நீடூழி வாழ வாழ்த்தி, நன்றியுடன் முடிக்கும்,

அன்புள்ள மாமா,
பக்கிரிசாமி.

பின்குறிப்பு:

தம்பி, அக்கா எழுதுறேன். படம் பிடிக்கச் சொல்லிக் குடுத்துட்டு மாமா தூங்கப் போயிட்டார். படிச்சேன். மத்ததெல்லாம் சரிதான், ஈப்போ போனதை மட்டும் திருத்தணும்.

தஞ்சோங் மாலிம் வரைக்கும்தான் அவர் ஓட்டினார். அங்கே டீ குடிக்க நிறுத்தினோம். துண்டை அவிழ்த்துட்டு இறங்கினவருக்கு நிக்க முடியல, வலது காலும் மரத்துப் போச்சு. திரும்பிப் போயிடலாம்னு நான் சொன்னேன். அவர் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே புதுசா ரெண்டு 'பி' ஸ்டிக்கர், லைசென்ஸ் புதுசா எடுத்தவங்க ஒட்டுறது. பூசைக்கு முந்தியே வாங்கி வச்சிருக்கார். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, அவரே நொண்டிக்கிட்டுப் போய் ஒட்டினார். அப்புறம் இடுப்புலேருந்து சாவியை எடுத்து என் கையில வச்சு, "தேவாரம் பாடு, கேட்போம்"னார்.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் உன்கிட்டே வண்டி ஓட்டப் படிச்சு லைசென்ஸ் எடுத்தது எப்படித் தெரியும்னு கேட்டேன். "ரெண்டு மாசமா பக்கத்து சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, உன் தம்பியோ நானோ பிரேக் போடுறதுக்கு முன்னாடி உன் கால் போடுதே, அது எந்தத் தேவாரம்"னு கேட்டார். உன்கிட்டே சொல்ல வேணாம்னார். பாவம், ரகசியமா செஞ்சவன் ரகசியம்னே நினைச்சுக்கட்டும்னார். நீ சீட்டை ஏத்தி ஏத்தி எனக்குச் சரிபார்த்ததை அவர் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கார். மத்த வண்டியில சிலதை, எனக்குப் பிரேக் எட்டலைன்னுதான் அவரும் வேணாம்னு சொல்லியிருக்கார்.

தஞ்சோங் மாலிம்லேருந்து ஈப்போ வரைக்கும் தொண்ணூறைத் தாண்டாம நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் பிரேக்கு, சிக்னலுன்னு கத்திக்கிட்டு வருவார்னு பயந்தேன். ஒரு சத்தமும் இல்ல. தாப்பா தாண்டித் திரும்பிப் பார்த்தா, மனுஷன் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறார். கல்யாணமாகி நாப்பது வருஷத்துல இன்னொருத்தர் ஓட்டுற வண்டியில அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்ல தம்பி. ரசச் சட்டி அவர் மடியிலதான் இருந்துச்சு. தூங்கிக்கிட்டே ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தார்.